களி கிண்டினாலும் அசையாத அடுப்பு

ஞாயிறு, காட்பாடி வழியாக

சென்ட்ரலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் காட்பாடி. அரக்கோணம் தாண்டியதுமே ஜன்னல் காற்றில் ஈரம் போய்விடுகிறது. பங்குனி பிறந்து சில நாட்கள்தான் ஆகின்றன, அதற்குள் வேலூர் வெயில் முழு உத்தியோகத்தில் இருந்தது. பஸ் பாலாற்றுப் பாலத்தில் போகும்போது எட்டிப் பார்த்தேன். மணலும் வேலிகாத்தான் புதரும்தான்.

மூட்டையில் ஸ்பிரிங் தராசு, தெர்மாமீட்டர், இன்ச் டேப், அதோடு விறகு வைக்கிற வார்ப்பிரும்புத் தட்டுகள் ஒரு அடுக்கு. ஒடுகத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, இந்தக் கனம் கீது?" என்றார். அடுப்புச் சாமான் என்றேன். லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார். நியாயம்தான்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் எங்கே போகிறேன் என்று விசாரித்தார். அணைக்கட்டு தாண்டி, மலையடிவாரம் என்றேன். "நம்ம நார்த் ஆற்காடுதான்" என்றார். 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் போனது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஜவ்வாது மலை இன்றைக்கு மூன்று மாவட்டங்களுக்குப் பங்காகிக் கிடக்கிறது. அவருக்கு எல்லாமே இன்னும் நார்த் ஆற்காடு. வழியில் இலவம்பாடி முள்கத்தரிக்காய் மூட்டைகள் ஏறின. அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி அவர் சொன்னபோது, தன் வீட்டுப் பிள்ளை பாஸானது போன்ற பெருமை.

வந்திருக்கிற காரியம் இதுதான். இந்த ஊர்ப் பெண்கள் தாங்களாகவே விறகு மிச்சமாகிற, புகை குறைகிற அடுப்பைக் கட்டிப் பழக வேண்டும். நாங்கள் கட்டிக் கொடுத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிற வேலை இல்லை. ஊர்ப் பெயர் எழுத வேண்டாம் என்று மகளிர் குழுவில் கேட்டுக்கொண்டார்கள். ஒடுகத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ போகிற தூரம், அவ்வளவு போதும்.

திங்கள்

மாசியில் எங்கள் குழுத் தம்பி ஒருவர் வந்து, மகளிர் குழுத் தலைவி வீட்டில் மாதிரிக்கு ஒரு அடுப்பு கட்டிவிட்டுப் போயிருந்தார். இரண்டு கண், பின்னால் புகைபோக்கி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சமையலறைச் சுவரில் புதிதாகக் கரி ஏறவில்லை. கண் எரியவில்லை என்று தலைவியின் மருமகள் சொன்னாள். சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கும்போதே கொல்லைப் பக்கம் கண் போனது. அங்கே மூன்று கல், புதுச் சாம்பல்.

"அது இன்னாத்துக்கு?"

"அது களிக்கு மேடம்."

தலைவியின் மாமியாரான பாட்டி திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தார். இந்த மாதம் இந்தப் பக்கம் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் புளிதான். ஓடு ஒரு குவியல், கொட்டை ஒரு குவியல், விரல் நுனியெல்லாம் பழுப்பு. அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "சோறு வடிக்கலாம், கொழம்பு வெக்கலாம். இதுல களி கிண்டச் சொல்லு பாக்கலாம்."

கிண்டிக் காட்டச் சொன்னேன். முதலில் நொய் வெந்தது. கொதிக்கிற தண்ணீரில் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்புக் காம்பால் ஒரு துளை போட்டு மூடினார். மாவு வேகட்டும் என்று கொஞ்சம் புளி தட்டினார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். பானைக் கழுத்தில் கவைக்கொம்பைக் கொடுத்து அழுத்தி, அதன் மறுமுனையை முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்தார். எழுபதை நெருங்குகிற அந்த உடம்பின் பாரம் முழுக்கத் தோளிலிருந்து துடுப்புக்கு இறங்கியது. நாலைந்து சுற்றில் அடுப்பின் இடது உதடு பிளந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது.

பாட்டி நிறுத்தவில்லை. நிறுத்தினால் களி கட்டி தட்டிவிடும். பதமாகக் கிண்டி இறக்கி, கையில் தண்ணீர் தொட்டு உருண்டை பிடித்து வைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பி, "பாத்தியா கண்ணு" என்றார்.

அடுப்புகளைச் சோதிக்க உலகம் முழுக்க இருக்கிற முறை, குறிப்பிட்ட அளவு தண்ணீரைக் கொதிக்க வைத்து விறகை எடை போடுவது. நல்ல முறைதான், ஒன்றை ஒன்றோடு ஒப்பிட வேறு வழியில்லை. ஆனால் தண்ணீரை யாரும் கிண்டுவதில்லை. அரிசிச் சோறு தின்கிற ஊரில் அந்த அடுப்பு பத்து வருடம் இருந்திருக்கும். தினமும் களி கிண்டுகிற வட ஆற்காட்டு வீட்டில் அது ஒரு மாதத்துக்குக்கூடத் தாங்காது. மருமகள் அது தெரிந்துதான் களியை வெளியே கொண்டுபோயிருக்கிறாள். சாயங்காலப் புகை முழுக்கக் கொல்லையில் அவள் முகத்துக்கே.

உடைந்த உதட்டைத் தற்காலிகமாக மெழுகிவிட்டு, சாயங்காலம் தண்ணீர்ச் சோதனையும் வைத்தோம். குழுவிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டின் பழைய குமிழ் அடுப்பில் ஐந்து லிட்டர், இதில் ஐந்து லிட்டர். விறகை எல்லார் கண் முன்னாலும் தராசில் தொங்கவிட்டேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி போட்டேன். விறகிலிருக்கிற சூடு ஒரு பொட்டுகூட வீணாகாமல் பானைக்கே போனால், இந்தத் தண்ணீர் கொதிக்க எவ்வளவு விறகு வேண்டும்? ஒரு கிலோ, முக்கால் கிலோ என்று சத்தம் வந்தது. ஏறக்குறைய நூறு கிராம் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. ஒரு பெண் தராசில் நூறு கிராம் சுள்ளியை வைத்துப் பார்த்துவிட்டு, "இது பல் வெளக்கக்கூடப் பத்தாது" என்றாள். கணக்கு அதுதான். காய்ந்த விறகில் கிலோவுக்குப் பதினைந்து, பதினாறு மெகாஜூல் சூடு இருக்கிறது. ஐந்து லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஒன்றரை மெகாஜூல் போதும். மிச்சமெல்லாம் சுவருக்கும் கூரைக்கும் நம் முகத்துக்கும்தான். மூன்று கல் அடுப்பில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு பானைக்குப் போய்ச் சேர்ந்தாலே அதிகம்.

சோதனையில் பழைய அடுப்பு முக்கால் கிலோவுக்கு மேல் தின்றது. புதியது அரைக் கிலோவுக்குள் முடித்தது. ஆனால் முதலில் கொதித்தது பழைய அடுப்புதான். இதைப் பெண்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். "லேட்டாவுதே மேடம், காலைல ஸ்கூல் பஸ்ஸு நிக்குமா?" கனமான மண் அடுப்பு முதலில் தானே சூட்டைக் குடிக்கும். அது நிறைந்த பிறகுதான் பானைக்குக் கொடுக்கும். ஒரே ஒரு டம்ளர் டீக்கு இந்த அடுப்பு நஷ்டம். தொடர்ந்து சோறு, குழம்பு, களி என்று இறக்கினால்தான் லாபம். இதை மறைத்துப் பேசினால் ஒரு வாரத்தில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நாம் சொல்கிற எதையும் நம்ப மாட்டார்கள்.

செவ்வாய்

புது அடுப்புக்கு மண். களிமண் இந்த ஊர் ஏரியில் கிடைக்கும், ஆனால் காய்ந்தால் வெடிக்கும். புற்று மண்தான் உசத்தி. கறையான் மென்று கட்டிய மண் அவ்வளவு நைசாக இருக்கும், சூட்டையும் தாங்கும். ஊருக்குத் தெற்கே நாலைந்து புற்று இருந்தன. முதல் புற்றில் மஞ்சள், குங்குமம், ஒரு முட்டை ஓடு. அதன் பக்கம்கூட யாரும் போகவில்லை. அடுத்ததும் அப்படியே. பனைமரத்தடியில் பாதி கரைந்து கிடந்த ஒன்றைக் காட்டி, "இது செத்த புத்து" என்றார் பாட்டி. அதற்கும் ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் கடப்பாரை போட்டார்கள்.

புற்று மண் இரண்டு கூடை, செம்மண் ஒன்று, உமி ஒன்று. உமி எதற்கு என்று கேட்டார்கள். அடுப்பு சூடேறும்போது உமி எரிந்துபோய், அந்த இடம் பொடிப் பொடிக் காற்றறையாகிவிடும். காற்றறை சூட்டை வெளியே விடாது. உள்சுவருக்கு உமி அதிகம், வெளிப்பூச்சுக்கு நறுக்கின வைக்கோலும் சாணமும். மண்ணைக் குழைத்து மிதிக்கிற வேலையில் எனக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. அவர்கள் மிதித்தார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகாலால் மிதிக்கக் கூடாது, பாதத்தின் ஓரத்தால் தள்ளி மிதிக்க வேண்டுமாம். கையில் உருட்டித் தரையில் போட்டால் விரிசல் விடாமல் சப்பையாக வேண்டும், அதுதான் பதம்.

மண் ஊறும் நேரத்தில் குழுவில் ஒருவர் தன் வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே சிமெண்டில் வார்த்த ஒரு புகையில்லா அடுப்பு. தொண்ணூறுகளில் யாரோ வந்து வைத்துக் கொடுத்தது. ஒரு கண்ணில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் கொட்டாங்குச்சி. ஏன் விட்டுவிட்டீர்கள் என்றேன். புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டது. எப்படி எடுப்பதென்று யாரும் சொல்லித் தரவில்லை. வைத்த ஆள் திரும்ப வரவில்லை. அடைத்த குழாயோடு அடுப்பை மூட்டினால் புகை முன்பக்கமே வந்து முகத்தில் அடிக்கும், பழைய அடுப்பே தேவலை.

நாடு முழுக்க இந்தக் கதை உண்டு. புகையில்லா அடுப்பு யோசனை இந்தியாவுக்குப் புதிதே இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய காலத்திலேயே அங்கே 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பு வந்துவிட்டது. 1953இல் ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு தன் அடுப்பை அறிமுகப்படுத்தினார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. கே. என். ரெட்டி கிராமத் தொழில்நுட்பத்துக்காக 1974இல் தொடங்கிய அஸ்த்ரா பிரிவிலிருந்து மூன்று கண் அஸ்த்ரா ஒலெ வந்தது. ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு. மத்திய அரசின் தேசிய அடுப்புத் திட்டம் 1983இலிருந்து 2002 வரை ஓடி, மூன்று கோடிக்கு மேல் அடுப்புகளை வைத்தது. அவற்றில் எத்தனையில் கோழி முட்டையிட்டதோ. ஒடிசாவில் வீடுகளை நான்கு ஆண்டு வரை தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு உண்டு. முதல் வருடம் பெண்கள் சுவாசிக்கும் புகை குறைந்தது. போகப் போக அந்த வித்தியாசமே இல்லாமல் போயிற்று. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை, பராமரிக்கவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு ஜனங்கள் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. சைக்கிள் பஞ்சரானால் ஒட்ட ஊரில் ஆள் இருக்கிறார். மிக்ஸி ரிப்பேருக்கு ஒடுகத்தூரில் கடை இருக்கிறது. மோட்டார் காயில் கட்ட ஆள் வீடு தேடி வருகிறார். அடுப்புக்கு மட்டும் ஆள் இல்லை. பழைய மண் அடுப்புக்கு அந்த ஆள் வீட்டுப் பெண்ணே. அவளுக்குத் தெரியாத பாகம் அதில் ஒன்றும் இல்லை. புது அடுப்பில் குழாய் வந்தது, தட்டு வந்தது, உள்ளே ஒரு கணக்கு வந்தது. அந்தக் கணக்கை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை.

புதன்

இன்றைக்குக் கட்டினோம். உள்ளறைக்கு அச்சு, வாழைமரத் துண்டுதான். ஒன்று படுக்கை, அதன் முனையில் இன்னொன்று நிறுத்தி. கிணற்று ஓரத்தில் தார் வெட்டின மரம் கிடந்தது, செலவில்லை. சுற்றிலும் மண்ணை அப்பி, கொஞ்சம் இறுகினதும் வாழையை உருவிவிட வேண்டும். விறகு படுக்கைக் குழியில் நுழைந்து, முனை மட்டும் எரிந்து, நெருப்பு செங்குத்துக் குழியில் மேலே போகும். வார்ப்பிரும்புத் தட்டு விறகைத் தூக்கிப் பிடித்திருப்பதால் காற்று அடியில் நுழைந்து சூடாகி நெருப்புக்குப் போகிறது. இந்த ராக்கெட் முறை அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி என்பவர் 1980களில் வகுத்தது. புகை என்பது எரியாமல் தப்பித்துப்போன விறகு. அந்தச் செங்குத்துக் குழி நன்றாகச் சூடேறிவிட்டால் புகையும் அதற்குள்ளேயே எரிந்துவிடும். இவ்வளவுதான் சங்கதி.

நெருப்பு முதல் பானையைத் தொட்டபின் ஒரு சின்னச் சுரங்கம் வழியாக இரண்டாம் கண்ணுக்குப் போகிறது என்று நான் விளக்க ஆரம்பித்ததும், "அதான் கொடியடுப்பு ஆச்சே" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதேதான். பாட்டிகள் காலத்திலிருந்து இருக்கிற கொடியடுப்புக்கு ஒரு புகைபோக்கி சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டாம் கண்ணில் பருப்பு வேகாது, தண்ணீர் சுடும், குழம்பு ஆறாமல் இருக்கும். அதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

களிப் பிரச்சினையை ஊர்க் கொத்தனாரிடம் முதலில் விட்டேன். அவர் சிமெண்டைப் போடலாம் என்றார். அனலில் சிமெண்ட் பொரிந்து உதிரும், ஆகாது. குழுத் தலைவிதான் செங்கல்லை எடுத்து நிறுத்தி வைத்துப் பார்த்தார். படுத்த செங்கல் பக்கவாட்டில் நகரும். நிற்கிற செங்கல், சுற்றி வட்டமாக நெருக்கி வைத்தால், ஒன்றை ஒன்று தாங்கும். அதன் மேல் மண் வெறும் பூச்சுதான். பானை வாயளவுக்கு நேர்க் குழியாக விடாமல் உதட்டைச் சரிவாகச் செதுக்கினார்கள். பெரிய களிப்பானையும் கழுத்துவரை உட்காரும், சின்னச் சட்டியும் இன்னும் இரண்டு விரல் கீழே போய் உட்காரும். பானையைச் சுற்றி இடைவெளி சின்ன விரல் நுழைகிற அளவுதான். அதற்கு மேல் போனால் அனல் வெட்டியாக ஓடிவிடும்.

பாட்டி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலது பாதத்தை ஒரு இடத்தில் பதித்தார். "இங்க ஒரு மேடு வை. காலு நிக்கணும்." அவர் பாத அளவுக்கே ஒரு மேடு எழும்பியது. எந்தக் கையேட்டிலும் இந்த மேடு கிடையாது.

வியாழன், மலைமேல்

ஈர அடுப்பின் மேல் நனைத்த சாக்கைப் போர்த்திவிட்டு மலைக்குக் கிளம்பினேன். இந்த வெயிலில் வேகமாகக் காய்ந்தால் வெடிப்பு நிச்சயம். சாக்கை நனைத்துக்கொண்டிருக்கிற பொறுப்பு மருமகளுக்கு.

முத்துக்குமரன் மலை வழியாகப் பீஞ்சமந்தைக்கு இப்போது ரோடு இருக்கிறது. வந்து அதிக வருடம் ஆகவில்லை. அதற்கு முன் நோயாளிகளை டோலி கட்டித்தான் இறக்குவார்கள். மேலே காற்று வேறு. சாமை அறுத்து முடித்த காடு, பலாப் பிஞ்சு, தாழ்ந்த கூரை வீடுகள்.

ஒரு வீட்டில் குனிந்து உள்ளே போனேன். அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். அதில் உரித்துப் பின்னிக் கட்டின மக்காச்சோளக் கதிர்கள், சுரைக்குடுக்கையில் விதை, ஒரு மூட்டைப் புளி. எல்லாம் புகையில் கறுத்துப் பளபளத்தன. கூரையின் உட்பக்கம் தார் பூசினது மாதிரி இருந்தது. புகைபோக்கி வைத்த அடுப்பைப் பற்றிச் சொன்னேன். அந்த வீட்டம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொகைய வெளிய அனுப்பிட்டா வெதைக்கு வண்டு வராதா?" என்றார்.

வரும். புகை படுகிற விதையில் வண்டு ஏறாது. கூரையும் புகை குடித்தால் சீக்கிரம் உளுக்காது. மழைக்காலத்தில் அந்த அடுப்புதான் வீட்டுக்குக் கணப்பு. இன்னொரு பக்கம், அதே அறையில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் எரிகிற அடுப்புப் புகையால் உலகத்தில் ஆண்டுக்கு 32 லட்சம் பேர் சாகிறார்கள் என்று 2020க்கான கணக்கை உலகச் சுகாதார அமைப்பு சொல்கிறது. விதையைச் சாம்பலிலோ நொச்சி இலை போட்டோ வைக்கலாம், அதை அவர்களும் செய்கிறார்கள். கூரைக்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. அதனால் புகைபோக்கியைக் கைவிட்டு, ஒற்றைக் கண், விறகு நன்றாக எரிந்து புகை குறைகிற ராக்கெட் அடுப்பாக வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். பரணுக்கு வேண்டிய புகை வரும், குழந்தையின் கண் எரிகிற அளவுக்கு வராது. இன்றைக்கு எதையும் கட்டவில்லை. அவர்களில் இருவர் கீழே வந்து பார்க்கிறோம் என்றார்கள். அது போதும்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் இறங்கினேன்.

வெள்ளி

காலையில் போய்ப் பார்த்தால், மூட்டாத அடுப்புக்குக் கோலம் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை, அடுப்பை மெழுகிப் பொட்டு வைக்காமல் எப்படி. தலைமுடி கனத்துக்கு இரண்டு வெடிப்பு. சாணமும் சலித்த சாம்பலும் குழைத்துத் தேய்த்ததும் மூடிக்கொண்டன. இரண்டு சுள்ளி மட்டும் வைத்து இளந்தீ. அடுப்பு நிஜமாகக் காய இன்னும் பத்து நாளாவது ஆகும், அதுவரை களி கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பாட்டி ஒத்துக்கொண்டார். பிறகு கொல்லைக்குப் போய், மிதித்து மிச்சமிருந்த மண்ணைக் களிப்பானையில் போட்டு எடுத்து வந்து, தீயை அணைத்த அடுப்பின் மேல் வைத்து, மேட்டில் காலை ஊன்றிக் கிண்டினார். களியைவிட மண் கனம். துடுப்புதான் முனகியது. உதட்டுச் செங்கல் ஒன்றும் அசையவில்லை. பெண்கள் கை தட்டினார்கள். பாட்டி பானையைக் கவிழ்த்து, அந்த மண்ணையே உருண்டை பிடித்து என் கையில் வைத்தார். "துன்னு" என்றார்.

புகைபோக்கிக்கு நாலு அங்குல சிமெண்ட் குழாய். ஓலைக்கூரை வீட்டில் அதைக் கூரைக்குள் நுழைக்கக் கூடாது, சுவர் வழியே வெளியே எடுத்து மேலே ஏற்ற வேண்டும். முனையில் தகர மூடி. அடியில் ஒரு செங்கல்லைப் பூசாமல் விட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை அதை உருவி, கயிற்றில் சாக்குத்துணி கட்டி மேலிருந்து இழுத்தால் கரி கொட்டிவிடும். ஒவ்வொருவரும் ஒருமுறை செங்கல்லை உருவி, திரும்ப வைத்துப் பழகினார்கள். ஒடுகத்தூர்க் கடையில் குழாய் என்ன விலை என்று தலைவியே போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்.

மத்தியானம் பேச்சு கேஸ் பக்கம் திரும்பியது. 2016இல் உஜ்வலா கேஸ் இணைப்புத் திட்டம் வந்த பிறகு இங்கே பல வீட்டில் சிலிண்டர் இருக்கிறது, மேலே பூ வேலை செய்த துணி போர்த்தி. டீக்கும், பிள்ளைப் பாலுக்கும், விருந்தாளி வந்தாலும் அது. களிக்குக் கேஸ் அடுப்பு ஆடும். எல்லாவற்றையும் விட அதிகமாக விறகு போகிற இடம் எது என்று கேட்டால், சமையலே இல்லை. குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி. கொல்லையில் மூன்று கல்லின் மேல் அண்டா வைத்து, பச்சை விறகைச் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். தலைவி கேட்டார்: "மொதல்ல அண்டாவுக்கு இந்த மாதிரி ஒண்ணு கட்டித் தாங்களேன்." அண்டாவை யாரும் கிண்டப்போவதில்லை, உதடு உடையாது. கொல்லையில் புகைபோக்கியும் தேவையில்லை. பெரிய பானை, ஒரே அளவு, நீண்ட நேரம் எரிகிறது. விறகு மிச்சமாவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கேட்காமல் இருந்திருந்தால் நாங்கள் சமையலறையையே சுற்றிக்கொண்டிருப்போம். சாயங்காலத்துக்குள் கொத்தனாரும் மூன்று பெண்களும் சேர்ந்து அண்டா அடுப்புக்கு அடிக்கல் போட்டுவிட்டார்கள். நான் டேப் மட்டும் பிடித்தேன்.

சனி

கடைசிக் கூட்டம் கூலியைப் பற்றி. ஐந்து பெண்கள் அடுப்பு கட்டுகிற ஆட்களாகப் பேர் கொடுத்தார்கள். இலவசமாகக் கட்டிக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. இலவசமாக வந்த அடுப்பைப் பழுது பார்க்கச் சொல்லி யாரையும் கூப்பிட வாய் வராது.

ஒரு அடுப்புக்கு எவ்வளவு? கொத்தனார் தன் ஒரு நாள் கூலியைச் சொன்னார். பெண்களுக்கு அதில் பாதி போதும் என்றும் சேர்த்துச் சொன்னார். அதற்கப்புறம் பத்து நிமிடம் அவருக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. "நீ நாள் முழுக்கக் கரண்டி பிடிச்சி நின்ன, செங்கல்ல நிறுத்தி வெக்கணும்னு ஒனக்குத் தோணுச்சா?" என்று மருமகள் கேட்டாள். மாமியார் முன்னால் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, மண் குழைக்கிற வேலை வீட்டுக்காரருடையது, அடுப்பு கட்டுகிறவருக்கு மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில் என்று முடிவானது. முதல் மாதக் கரி தட்டல் கூலியில் சேர்த்தி, அதற்கு மேல் தனிக் காசு. குழு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் ஆர்டர் அங்கன்வாடிப் பக்கத்து வீட்டுக்காரர். அண்டா அடுப்புதான் வேண்டுமாம், ஆனால் கூலி ஜாஸ்தி என்று இழுத்தார். பாட்டி இடையில் புகுந்து, சாப்பாட்டில் களி போடுவதாக இருந்தால் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொள்ளலாம் என்றார். தலைவி முடியாது என்றார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் அந்த ஐம்பது ரூபாய் முடிவாகவில்லை.